வேப்பங்கொத்துக்கு நின்ற லாரி

லைசென்ஸ் வக்கீல் என்று சொன்னால் நாமக்கல்லில் இன்னமும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கொலைக் கேஸில் மாட்டியவன்கூட ஜாமீனில் வந்து, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறான். லைசென்ஸ் போன டிரைவர் அப்படி வரமாட்டார். உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். லாரி ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு அது தெரியும். சட்டம் படித்து முடித்ததும் வேறு எந்தக் கேஸையும் தொடாமல் இதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சென்னியப்பன் என் அலுவலகத்துக்கு வந்த அன்று ஆடிக் காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கூடவே அவர் மனைவி ருக்குமணி. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் உட்காரவில்லை. நோட்டீஸை என் மேஜையில் வைத்துவிட்டு, சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"நான் தொப்பூர்ப் பக்கம் போயி ஆறேழு வருசமாச்சுங்க. அன்னிக்கு வீட்ல உக்காந்து கம்பஞ்சோறு தின்னுட்டிருந்தேன். தொப்பூர் எறக்கத்துல நடு ரோட்ல வண்டிய நிறுத்திட்டேன்னு போட்டிருக்குதுங்க."

"கம்பஞ்சோறில்ல, களி," என்றார் ருக்குமணி. "நான்தான ஆக்குனேன்."

"அது முக்கியமா இப்ப?"

"கோர்ட்ல கேட்டா ஒழுங்காச் சொல்லோணுமில்ல."

நோட்டீஸைப் படிக்காமலே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நிழல் கேஸ்.

ஆளில்லா லாரிகளைச் சாலையில் விட்டபோது அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டது. வண்டிக்குள் ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆனால் அதை ஓட்டும் புத்தி யாராவது ஒரு மனிதரின் புத்தியாக இருக்க வேண்டும், அந்த மனிதரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் பிடித்து உலுக்க ஒரு சட்டைக் காலர் வேண்டுமே! கம்பெனிகள் நல்ல டிரைவர்களாகத் தேடிப் பிடித்தன. கேபினில் கேமரா மாட்டி ஒரு வருடம் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்தன. கால் எப்போது பிரேக்குக்குப் போகிறது, கண் எப்போது கண்ணாடிக்குப் போகிறது, கை எப்போது ஹாரனைத் தேடுகிறது, ஒன்றையும் விடவில்லை. அதை வைத்துச் செய்த பிரதிக்குச் சட்டத்தில் ஏதோ நீளமான பெயர் உண்டு. எங்கள் ஊரில் நிழல் என்போம். சென்னியப்பன் வீட்டில் களி தின்றுகொண்டிருப்பார். அவர் நிழல் அதே நேரத்தில் ஓசூரிலும் தூத்துக்குடியிலும் இன்னும் எங்கெங்கோ பல லாரிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். எல்லா லாரிக்கும் ஒரே லைசென்ஸ், அவருடையது. அதற்குக் கம்பெனி அவருக்கு மாதாமாதம் வாடகை தரும்.

அந்த லாரிகளில் ஒன்றுதான் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில், பட்டப்பகலில், நடுச்சாலையில் நின்றிருக்கிறது. நின்றதோடு நகரவும் இல்லை. பின்னால் வந்த கார் மோதியதில், அதை ஓட்டிவந்த தர்மபுரி வியாபாரி ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. லாரியின் கேமராப் பதிவில் சாலை சுத்தமாகக் காலி. கிடந்தது ஒரு கொத்து வேப்பிலை மட்டும்தான். காரணமின்றி வண்டியை நிறுத்திக் காயம் விளைவித்ததற்காக உங்கள் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

பதிவின் படத்தைச் சென்னியப்பனிடம் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார்.

"இந்த வேப்பங்கொழையப் பாத்துட்டு நின்னிருக்குதுங்க," என்றார். "வண்டி பிரேக் டவுன் ஆச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம்? பக்கத்து மரத்துல ஒரு கொழைய ஒடிச்சு, வண்டிக்குப் பின்னால கொஞ்ச தூரத்துல ரோட்ல போட்டு வெப்போம். வர்றவன் அதப் பாத்தா, முன்னால வண்டி நிக்குதுன்னு சுதாரிச்சுக்குவான். காஷ்மீர் வரைக்கும் இதாங்க பாஷை."

"அப்ப முன்னால வண்டி ஏதாச்சும் நின்னுச்சுங்களாண்ணா?"

"இல்லியே. இது சாமி கொழைங்க. ஆடி மாசமில்ல? தீர்த்தக்குடம் எடுத்துட்டுப் போனவங்க கையிலருந்து உழுந்திருக்கும். நாங்க ஒடிச்சுப் போட்டதுன்னா காத்துல பறக்காம இருக்க மேல ஒரு கல்லு வெச்சிருப்போம். இதுல கல்லு இல்ல பாருங்க."

பார்த்தேன். கல் இல்லை.

"நானா இருந்தா நின்னிருக்கவே மாட்டனுங்க வக்கீலம்மா. என்ற நெழல் எதுக்கு நின்னுச்சுன்னுதான் எனக்குப் புரியல."

எனக்கு அந்த நிமிடமே வாதம் கிடைத்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். நின்றது அவர் அல்ல. அவராக இருந்தால் நிற்க மாட்டார். யாரோ செய்த காரியத்துக்கு அவர் லைசென்ஸைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

ருக்குமணி அதுவரை அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் போயிடுமா கண்ணு?"

"போகாம பாத்துக்கலாம்மா."

"போச்சுன்னா இவரு எப்ப என்னைய ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறது? இந்தியா பூரா வண்டி ஓட்டுன மனுசன். கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு தரம் இவரு பக்கத்துல உக்காந்து நாலு ஊரு பாத்திருக்கனா? கேட்டா, லாரியில பொம்பளைய ஏத்துனா சிரிப்பாங்கம்பாரு. அந்தக் கேமரா மாட்டுன வருசந்தான் வாயத் தொறந்து சொன்னாரு. நெழல் ஓட ஆரம்பிச்சதும் நான் சும்மாதான இருப்பேன், சொந்தமா வேன் வாங்கி நானே ஓட்டிட்டுப் போறேன்னாரு. வேனும் வாங்கியாச்சு. வாசல்ல நிக்குது, கோழி முட்டை வெக்குது."

"ஏன், போகலையா?"

"எங்க போறது? பொழுதுக்கும் போன்ல அதத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. 'இப்பக் கரூர் தாண்டிட்டேன், இப்ப மதுரை பைபாஸ்ல இருக்கேன்'னு. நடுவீட்ல உக்காந்துட்டு 'இருக்கேன்'ம்பாரு!"

சென்னியப்பன் ஜன்னலைச் சாத்துவது மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

சேலத்தில் இருக்கிறது உரிமத் தீர்ப்பாயம். தலைவர் கனகசபாபதி ஓய்வு பெற்ற நீதிபதி, பொறுமைசாலி, காது மட்டும் கொஞ்சம் மந்தம். அரசுத் தரப்பில் அருள் பிரிட்டோ என்று ஒரு இளைஞர். அவர் பேசும்போது எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் சேலம் முழுக்க இருக்கிறார்கள்.

நான் எழுந்து என் வாதத்தைச் சொன்னேன். நிழல் வேறு, மனிதர் வேறு. மனிதர் வீட்டில் இருந்தார். அவர் கையும் காலும் அந்த லாரியில் இல்லை. அவராக இருந்தால் அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார். எனவே குற்றம் அவருடையது அல்ல. நானே கேட்டு மயங்கும் அளவுக்கு நன்றாகப் பேசினேன்.

பிரிட்டோ எழுந்தார். "மேடம் சொல்றதை அரசுத் தரப்பு அப்படியே ஏத்துக்குது."

எதிர்த் தரப்பு ஏற்றுக்கொண்டால் எங்கோ பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒரே ஒரு சந்தேகம் ஐயா. அஞ்சு வருஷம் தொடர்ந்து வண்டி ஓட்டாதவரோட லைசென்ஸ் தானா காலாவதி ஆயிடும், அது சட்டம். இவர் ஸ்டியரிங்கைத் தொட்டு அதுக்கு மேலயே ஆகுது. இதுவரைக்கும் லைசென்ஸ் எப்படி உயிரோட இருந்துச்சு? நிழல் ஓட்டினதை இவர் ஓட்டினதா கணக்கு வெச்சதால. நிழல் வேற, இவர் வேறன்னா, இவர் ஓட்டவே இல்லை. ஓட்டலைன்னா லைசென்ஸே இல்லை. இல்லாத லைசென்ஸை எதுக்கு ஐயா ரத்து பண்ணணும்? கேஸை முடிச்சிடலாம்."

கனகசபாபதி காதுக்கருவியைத் திருகினார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

பிரிட்டோ இன்னொரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை கேட்டபோது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. நிழல் அவர்தான் என்றால் குற்றம் செய்தவர், லைசென்ஸ் போகும். நிழல் அவர் இல்லை என்றால் ஓட்டாதவர், அப்போதும் லைசென்ஸ் போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த எறும்புக்காக நான் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

உணவு இடைவேளையில் தீர்ப்பாயக் கேன்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சென்னியப்பன் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"ஓட்டுனது நான்னு சொன்னாலும் போகுது, நான் இல்லைன்னு சொன்னாலும் போகுது. அப்ப நான் யாருங்க?"

"நீங்க ஓட்டினீங்க. ஆனா தப்பு பண்ணலை. இனிமே அதான் நம்ம கட்சி," என்றேன். "குழையைப் பார்த்தா நிக்கறது டிரைவர்களோட வழக்கம்னு நிரூபிச்சா போதும். நின்னதே தப்பில்லைன்னு ஆயிடும்."

"ஆனா அது சாமி கொழைங்களே."

"அண்ணா! அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். அங்க சொல்லாதீங்க."

இடைவேளைக்குப் பிறகு கட்சி மாறிப் பேசினேன். காலையில் வேறு என்றவள் மாலையில் ஒன்று என்றேன். முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வக்கீல் தொழிலில் அது பாதி. பிரிட்டோ அப்போதும் சிரித்தார்.

"மகிழ்ச்சி. ஆனா குழைக்காக நின்னதுன்னு எப்படிச் சொல்றீங்க? பழுதா இருக்கலாம் இல்லையா? பதிவுல இன்னொண்ணும் இருக்கு ஐயா. நின்ன கையோட அந்த லாரி டிரைவர் பக்கத்துக் கதவோட பூட்டைத் திறந்துவிட்டிருக்கு. ஆளே இல்லாத வண்டி யாருக்குக் கதவைத் திறக்குது? இது புத்தி கெட்ட நிழல். ஓட விடறது ஆபத்து."

கதவு விஷயம் எனக்குப் புதிது. சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

கனகசபாபதி நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் குழம்பிவிட்டது என்பது நன்றாகத் தெரிந்தது. ஒளிக்காமல் சொல்லவும் செய்தார். "எனக்கு ஒண்ணும் விளங்கலை. ரெண்டு பேரையும் ஓட்டச் சொல்லிப் பார்த்துடலாம். ஒரே ரோடு, ஒரே குழை. இவரும் நின்னா, அது டிரைவர் பழக்கம். இவர் நிக்கலைன்னா பார்ப்போம்."

தீர்ப்பாயத்தின் பின்கட்டில் ஓட்டுநர் தேர்வுக்கான பொய் கேபின் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தால் முன்னால் திரையில் சாலை ஓடும், சீட் குலுங்கும், ஸ்டியரிங் கனக்கும். தொப்பூர் பதிவை அதில் ஏற்றினார்கள். சென்னியப்பனைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"நின்னுடுங்க அண்ணா. குழையைப் பார்த்ததும் பிரேக். வேற ஒண்ணும் வேண்டாம். உங்க லைசென்ஸ் அந்தப் பிரேக்லதான் இருக்கு."

"சரிங்க," என்றார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

முதலில் நிழல் ஓட்டியது. காலி சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாக அசைவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு என்னவோ செய்தது. ருக்குமணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். "இவரு இப்படித்தான் ஓட்டுவாராட்டமிருக்குது," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். குழை தெரிந்தது. நிழல் அடித்துப் பிடித்து நிறுத்தவில்லை. விளக்கைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை விட்டு, குழைக்கு முன்னால் நின்றது. டக் என்று கதவுப் பூட்டு திறந்துகொண்டது. பிறகு நின்றுகொண்டே இருந்தது.

அடுத்து சென்னியப்பன் ஏறினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை வருடம் கழித்துத் தொடுகிறார் என்பது அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் வளைவில் தடுமாறினார். இரண்டாவதில் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாவதில் இடது கை கியரில், வலது முழங்கை ஜன்னலில். பழைய ஆள் வந்துவிட்டார். குழை தெரிந்தது. நான் இருந்த இடத்தில் இருந்தே காலால் தரையை அழுத்தினேன்.

அவர் நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. டயர் அந்த இலையில் ஏறிவிடாதபடி ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து, ஒரு முழம் விலகி, போய்க்கொண்டே இருந்தார். விலகும்போது கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

கேபினில் இருந்து இறங்கியவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். "ஏண்ணா?"

"கல்லு இல்லாத கொழைக்கு நின்னா, நாளைக்கு லாரி ஸ்டேண்டுல என்னைய எவன் மதிப்பான்?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! திட்டக்கூட மனம் வரவில்லை எனக்கு.

மறுபடி எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். கனகசபாபதி அவரையே கேட்டார்.

"நீங்க நிக்கலை. உங்க நிழல் நின்னுது. உங்களைப் பார்த்துத்தானே அது கத்துக்கிட்டுது?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனால் அவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். பொய்யை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார அவரால் முடியாது.

"அந்த வருசம் கேமரா இருந்துச்சுங்க ஐயா. யாரோ பாத்துட்டே இருக்காங்கன்னு எப்பவும் ஒரு நெனப்பு. பீடிய விட்டேன். மாடு குறுக்க வந்தாக்கூட ஹாரன் அடிக்காம நின்னேன். கொழையப் பாத்தா கல்லு இருக்குதா இல்லியான்னு பாக்காம எந்தக் கொழைக்கும் நிறுத்துவேன். நிறுத்திட்டு, கதவத் தொறந்து, எறங்கிப் போயி, முன்னால என்னன்னு பாத்துட்டு, கொழைய ஓரமா எடுத்துப் போட்டுட்டு வந்துதான் வண்டிய எடுப்பேன்."

கனகசபாபதி காதுக்கருவியைத் திருகிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அதனாலதான் அது கதவத் தொறந்திருக்குதுங்க," என்றார் சென்னியப்பன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எறங்கிப் பாக்கறதுக்கு நான் வருவேன்னு நின்னுட்டு இருந்திருக்குது."

இயந்திரத்துக்காக அழுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் தொப்பூர் இறக்கத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு லாரி காத்திருந்தது என்று நினைத்தால் என்னவோ போல் இருந்தது.

"அப்படின்னா உங்க நிழல் நீங்க இல்லை," என்றார் தலைவர். "நீங்க நல்ல பேர் வாங்கறதுக்காக நடிச்ச ஒரு ஆள்."

பார்வையாளர் பெஞ்சில் இருந்து ருக்குமணியின் குரல் வந்தது. "அந்த ஒரு வருசம் மனுசன் வீட்லயும் நல்லாத்தானுங்க இருந்தாரு!"

பிரிட்டோகூட வாய்விட்டுச் சிரித்தார். சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முதல் பாதியைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன். சாலையில் எச்சரிக்கைக் குழையைக் கண்டு நிறுத்தியது கவனமான ஓட்டுநரின் செயலே. போதிய இடைவெளி விடாமல் வந்த கார்தான் விபத்துக்குக் காரணம். உரிமத்தை ரத்து செய்யும் நோட்டீஸ் தள்ளுபடி. ஜெயித்துவிட்டேன்!

இரண்டாவது பாதி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இந்த உரிமம் எந்த ஓட்டுநரின் நன்னடத்தையால் காப்பாற்றப்பட்டதோ அவருக்கே உரியது. குழைக்கு நிற்காமல் போன மனிதர் வேறு வகை ஓட்டுநர் என்பது தேர்வில் கண்கூடாகத் தெரிந்தது. அவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டவும் இல்லை. எனவே உரிமம் நிழலிடமே தொடரும். மனிதர் விரும்பினால் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டோவுக்குப் போன் செய்தேன். அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. "நானும் இதைக் கேட்கலை மேடம்."

"மனுஷன் இல்லாம நிழலுக்கு மட்டும் எப்படி லைசென்ஸ் இருக்கும்? சட்டமே இடம் கொடுக்காதே?"

"இடம் கொடுக்குது. செத்துப்போன டிரைவர்களோட நிழல் இன்னும் ஓடிட்டிருக்கே? குடும்பத்துக்கு வாடகை போகுதே? காலமானவர் கணக்குல ஒரு பிரிவு இருக்கு. தலைவர் அதுல சேர்த்திருக்கார்."

இதை நான் சென்னியப்பனிடம் சொல்ல வேண்டும். அவர் வீட்டு வாசலில், முட்டை வைக்கும் கோழியைத் துரத்திவிட்டு, பழைய வேனின் படியில் உட்கார வைத்துச் சொன்னேன். நிழல் வாடகை நிற்காது, அதற்கு ஆபத்தில்லை என்பதை முதலில் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"நான் செத்துட்டனுங்களா?"

"சே, சே. லைசென்ஸ் விஷயத்துல மட்டும்ணா. மேல்முறையீடு போடலாம்."

அவர் சட்டைப் பையில் இருந்து பழைய லைசென்ஸ் அட்டையை எடுத்தார். அதில் மீசை கறுத்த ஒரு இளைஞர். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பையனுக்கு வண்டி நல்லா வரும்," என்றார். உள்ளே இருந்து ருக்குமணி வந்து, எனக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, அட்டையை அவர் கையில் இருந்து வாங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் இருந்த சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

மேல்முறையீட்டு மனுவில் கையெழுத்து வாங்க மறுவாரம் ஒரு காலையில் போனேன். மனுதாரர் என்று யார் பெயரைப் போடுவது என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் சென்னியப்பன் என்றே போட்டிருந்தேன். வாசலில் பழைய வேன் இல்லை, அதைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வாடகை வண்டி. நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். முன்கண்ணாடியின் ஓரத்தில், வண்டியை ஓட்டும் நிழலின் பெயர் எழுத்தெழுத்தாக ஒளிர்ந்தது. க.சென்னியப்பன், நாமக்கல்.

"ராமேஸ்வரம்," என்றார் ருக்குமணி. பட்டுப்புடவையில் இருந்தார். "அந்த நெழல்தான் வேணும்னு கேட்டு வாங்குனேன். கேட்டாக் குடுக்கறாங்க கண்ணு."

சென்னியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார். வண்டியின் முன்கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க பின்னால ஏறுங்க," என்றார் ருக்குமணி.

"ஏன்?"

"முன்னால எனக்கு. உங்க பக்கத்துல உக்காந்து போகோணும்னு எத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கேன்."

"நான் பின்னாலல்ல இருக்கப் போறேன்?"

அந்த அம்மா முன்சீட்டில் ஏறி, பூவைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் மனுவைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது? அவர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"போலாமுங்களா?" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டார் ருக்குமணி.

"போலாம்," என்றது பின்சீட்டில் இருந்து ஒரு குரல்.

வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தெருவின் பாதிவரை போயிருக்கும். மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பும் இடத்தில், ஆட்டுக்கு ஒடித்துக்கொண்டு போனதில் விழுந்த ஒரு கொத்துக் குழை ரோட்டில் கிடந்தது. கல் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தே தெரிந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி மெதுவாக நின்றது. டக் என்று டிரைவர் பக்கத்துக் கதவுப் பூட்டு திறந்த சத்தம் காலை அமைதியில் நன்றாகக் கேட்டது.

யாரும் இறங்கவில்லை. வண்டி காத்திருந்தது.

பிறகு பின்கதவு திறந்தது. சென்னியப்பன் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து போய், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். குழையைக் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டார். திரும்பி வரும்போது பூட்டு விட்டு லேசாகத் திறந்திருந்த டிரைவர் கதவின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். ஏறிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார். பின்னால் ஏறப் போகும் முன், அந்தக் காலத்துக் கிளீனர்கள் தட்டுவது போல வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்! போலாம் வா," என்றார்.